நூற்று அறுபத்து மூன்றாம் வில்லை

சாமுண்டீஸ்வரியின் வீட்டுக்குக் கீழே வீடே கிடையாது. ஆகையால், கீழ்வீட்டுக்காரர்கள்தான் தட்டுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. சிங்கப்பூர் ஈசூனில் அவர்கள் இருந்தது புளோக்கின் இரண்டாம் மாடி. அங்கே தரைத்தளம்தான் முதல் மாடி, அது தூண்கள் மட்டும் நிற்கிற வெறும் வெற்றுத்தளம். நாலு கல் மேசை, ஒரு சைக்கிள் கம்பி, மூன்று பூனை. மேல்வீட்டில் கோலி உருள்கிற சத்தம் கேட்காத அடுக்குமாடி வீடு சிங்கப்பூரிலேயே இல்லை. அதற்கு யாரும் பயப்படுவதும் இல்லை. இது அப்படியில்லை. திங்கட்கிழமை காலை தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தபோது முதலில் உள்ளங்காலில்தான் அதை உணர்ந்தாள், பிறகுதான் காதில் விழுந்தது. டொக். டொக். யாரோ கல்லை எடுத்துக் கல்லில் தட்டுகிற சத்தம். வெகு தூரத்துச் சத்தம், ஆனால் நேராகத் தன் காலுக்கு அடியிலிருந்து வருகிறது.

பார்க்காமலே பயப்படுகிற ரகம் இல்லை அவள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போய் வெற்றுத்தளத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையடித்த சிமெண்டு, ஒரு குழல்விளக்கு, மழைக்கறை. கல் மேசையில் பூனை ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது. தட்டல் இல்லை. திரும்பி வந்து வீட்டுக்குள் காலை வைத்தாள். டொக்.

“குழாயில காத்து அடைச்சிருக்கும் லா,” என்றான் மாணிக்கம். பஸ் ஓட்டுகிறவன், எந்தச் சத்தத்துக்கும் அவனிடம் ஒரு இயந்திரக் காரணம் தயாராக இருக்கும்.

மறுநாள் மகளின் தலையணையில் கறுப்பு இருந்தது. பத்து வயது ரோஷினி பல் தேய்க்கப் போனதும் போர்வையை உதறின சாமுண்டீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். வாய் படுகிற இடத்தில் மட்டும், உள்ளங்கையளவுக்கு, மெல்லிய தூள். தேக்கா பக்கம் கஃப் ரோட்டில் ஒரு மசாலா மில்லில் பதினாறு வருஷமாக வேலை செய்கிற கை அவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாலே மல்லியா, மிளகா, எந்த ஊர் மிளகாய் என்று சொல்லிவிடுவாள். இந்தத் தூளைத் தேய்த்தாள். புகைக்கரி இல்லை, அது விரலில் வழுக்கும். இது நறநறத்தது, கனமாக இருந்தது, வெளிச்சத்தில் லேசாக மின்னியது. இதே தூளை இரண்டு நாளைக்கு முன்னால்தான் செருப்பிலிருந்து தட்டிவிட்டிருந்தாள். கரிக்கம்பத்தில்.

மலேசியாவுக்குள் காரில் ஐந்து மணி நேரம் போனால் வருகிற ஊர் அது. மாணிக்கம் பிறந்த இடம். வெள்ளைக்காரன் காலத்தில் நிலக்கரி தோண்டுவதற்கென்றே உண்டான ஊர். கரி இல்லாவிட்டால் அங்கே ஊரே இருந்திருக்காது. மாணிக்கத்தின் தாத்தா அந்தக் குழியில் இறங்கினார், பிறகு அப்பா இறங்கினார். ஒரு நாள் தண்ணீர் உள்ளே புகுந்தது, கம்பெனிக்காரன் குழியின் வாயை மூடிவிட்டுப் போய்விட்டான். இப்போது இரண்டு கடைத்தெரு, ஒரு உடைந்த புகைபோக்கி, ஊரைச் சுற்றி ஆட்டுப்பட்டியும் மாட்டுத் தொழுவமும் கோழிப்பண்ணையும். காற்றடித்தால் ஒரு பக்கம் சாண வாடை, மறுபக்கம் நனைந்த கரி வாடை. பள்ளி விடுமுறைக்கு, முனியாண்டிக்குக் கெடா வெட்டு என்று மாணிக்கத்தின் அண்ணன் அழகர்சாமி கூப்பிட்டிருந்தார். போய்த் தின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பினார்கள்.

அழகர்சாமிக்கு முப்பது ஆடு. அவற்றை அடைக்கிற கொட்டகை ஒரு காலத்தில் சுரங்கத்தின் விளக்கறை. உள்ளே, சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணி. ஆணிக்கு ஆணி எண் குத்திய பித்தளை வில்லை. குழிக்குள் போகிறவன் தன் வில்லையைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்குவான், ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று கணக்கு. ஏழு ஆணி அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது. “இதத் தொடக் கூடாது கண்ணு,” என்று ரோஷினியிடம் சொன்னார் அழகர்சாமி. அவ்வளவுதான் சொன்னார். தொடாதே என்றால் தொடுகிற பிள்ளை ரோஷினி என்பது அவருக்குத் தெரியாது.

கிளம்புகிற நேரத்தில் கால் மணி நேரம் அவளைக் காணவில்லை. அழகர்சாமி சந்தைக்கு ஆடு ஏற்றிப் போயிருந்தார். சாமுண்டீஸ்வரி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு கொட்டகைக்குப் பின்னாலிருந்து, சிமெண்டு வைத்து மூடிய குழிவாய்ப் பக்கமிருந்து, பிள்ளை நடந்து வந்தாள். மஞ்சள் பூப்போட்ட கவுன் முழங்கால் வரைக்கும் ஈரம். ஒரு கை இறுக மூடியிருந்தது. ஆடுகள் அத்தனையும் எதிர்ப்பக்கக் கம்பிவேலியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன, ஒன்றுகூடக் கத்தவில்லை. தாய்க்கு அப்போது ஆட்டைப் பார்க்கவா நேரம்? முதுகில் ஒரு அடி வைத்துக் காரில் ஏற்றினாள்.

அந்த ஒரு அடியிலேயே பிள்ளை திருந்திவிட்டது போலிருந்தது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து போன் கேட்கவில்லை. வைத்த சோற்றைத் தின்றாள், உப்பில்லாத ரசத்தையும் குடித்தாள். உட்கார் என்றால் உட்கார்ந்தாள். எழு என்று சொல்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்டு உயிரை வாங்குகிற ரோஷினி!

“நல்ல பிள்ளையாயிட்டா லா. உனக்கு அதுவும் பொறுக்கல,” என்று சிரித்தான் மாணிக்கம்.

பொறுக்கவில்லைதான். புதன்கிழமை, தூங்குகிற பிள்ளையின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருப்பதைக் கண்டு விரலால் உதட்டை விலக்கிப் பார்த்தாள். நாக்குக்கு மேலே பித்தளை. வட்டமாக, தேய்ந்து, நடுவில் 163. எடுக்கப் போனாள். பல் இறுகிக்கொண்டது. கண் மூடியபடியேதான் இருந்தது, ஆனால் அது தூங்குகிற கண் இல்லை.

அதன் பிறகுதான் அவள் கவனித்தாள்: தட்டல் பிள்ளைக்குப் பின்னாலேயே போகிறது. ரோஷினி கூடத்தில் உட்கார்ந்தால் கூடத்துத் தரைக்கு அடியில். அறையில் படுத்தால் கட்டிலுக்கு அடியில். குளியலறைக்குப் போனால் அங்கேயும். ஏதோ ஒன்று கரிக்கம்பத்திலிருந்து மண்ணுக்கடியிலேயே குடைந்துகொண்டு வந்து, தன் மகளுக்கு நேர் கீழே நின்று கதவு தட்டுகிறது என்று புரிந்ததும் அவளுக்குப் பயம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. சாமுண்டீஸ்வரிக்குப் பயம் வந்தால் கோபமும் சேர்ந்தே வரும். அப்படித்தான் அவள் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறாள். இடிகல்லின் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து, தட்டல் கேட்ட இடத்தில் மண்டியிட்டு, ஓங்கி அடித்தாள்.

“போ! இங்க உனக்கு ஒண்ணும் கிடையாது! என் பிள்ளை உனக்குக் கிடைக்க மாட்டா! போ!”

தட்டல் நின்றது. ரொம்ப நேரம் கழித்து மெதுவாக, அடி வாங்கினது போல, மறுபடியும் ஆரம்பித்தது. அவள் திரும்பவும் அடித்தாள். புதன், வியாழன் இரண்டு நாளும் அதே வேலை. டைல்ஸ் இரண்டு விரிசல் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு முறை அது அடங்குகிறபோதும் அவளுக்கு ஒரு திருப்தி. யாருகிட்ட?

பக்கத்து வீட்டு முனீரா கதவோரம் வந்து நின்றாள். கைக்குழந்தைக்காரி, பாவம், கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாது. “அக்கா, உங்க வீட்ல ரெனவேஷனா? பேபி தூங்க மாட்டேங்குது.”

“நான் அடிக்கிறது மட்டுமா கேக்குது? இல்ல, வேற சத்தமும் கேக்குதா?”

முனீரா தயங்கினாள். “ரெண்டும் கேக்குது அக்கா. ஒண்ணு கோவமா அடிக்குது. இன்னொண்ணு... எப்படிச் சொல்றது... அழுதுக்கிட்டே தட்டுற மாதிரி இருக்கு.”

அழட்டும், என்று நினைத்தாள் சாமுண்டீஸ்வரி. நன்றாக அழட்டும்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அழகர்சாமி போன் செய்தார். வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறபோது, அந்தப் பலகையை எண்ணிப் பார்ப்பது அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கம்.

“ஏம்மா சாமு, பாப்பா பலகையிலேருந்து வில்லை ஏதும் எடுத்துச்சா? ஏழு ஆணிதாம்மா காலி. இன்னிக்கு எட்டு இருக்கு. நூத்து அறுவத்து மூணக் காணோம்.”

“எடுத்திருக்கா மாமா. வாயிலேயே வச்சிருக்கா, குடுக்க மாட்டேங்கிறா. வாங்கி கூரியர்ல போட்டுடறேன்.”

“கூரியரா? வெளையாடாதம்மா. இறங்கின ஆளு ஏறி வரணும். நம்பரச் சொல்லி, ஆளு மேல வந்தாச்சுன்னு சத்தமா சொல்லி ஆணியில மாட்டணும். அது வரைக்கும் எடுத்தவ குழிக்குள்ளதான் இருக்கா.”

“என்ன மாமா பேசுறீங்க! என் எதுக்க உக்காந்து ரொட்டி தின்னுக்கிட்டு இருக்கா.”

மறுமுனையில் ஆடு ஒன்று கத்தியது கேட்டது. பிறகு அவர் குரல் தணிந்து வந்தது. “அதாம்மா எனக்கும் பயமா இருக்கு.”

அவள் போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். ரோஷினி ரொட்டியை ஒரே அளவாகப் பிய்த்து, ஒரே வேகத்தில் மென்றுகொண்டிருந்தாள். காலுக்கடியில் தட்டல். சாமுண்டீஸ்வரிக்கு எல்லாம் தெளிவாகிவிட்டதாகத் தோன்றியது. அந்தக் குழி தன் பேரேட்டில் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டுவிட்டது. இப்போது ஆளைக் கேட்டு வந்து நிற்கிறது. தாத்தனைத் தின்றது போதாதா? மாமனார் கடைசிவரை கறுப்புக் கறுப்பாகச் சளி துப்பிச் செத்தது போதாதா? சிங்கப்பூர் வரைக்கும் வந்து, வீவக அடுக்குமாடி வீட்டுத் தரையைத் தட்டி ஆள் கேட்கிற அளவுக்கு அதற்குத் திமிரா? இந்த வீட்டிலிருந்து இனி ஒரு தலையும் குழிக்குள் இறங்காது என்று சாமி படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

அடுத்த வாரம் லீவு போட்டுக் காரில் போகலாம் என்றான் மாணிக்கம். ஆனால் சனிக்கிழமை பகலில், தூங்கும் பிள்ளையின் மூக்குக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள் அவள். மூச்சு வரவில்லை. நூறு வரைக்கும் எண்ணினாள். நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. நூற்றொன்றில் பிள்ளை கண்ணைத் திறந்து, “பசிக்குதும்மா,” என்றாள். அதே நேரத்தில் தரைக்கடியில் தட்டலும் தளர்ந்துபோயிருந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே அவள் ஒரு பானை சோறு வடித்துவிடலாம் போல அத்தனை இடைவெளி. அடுத்த வாரம் வரைக்கும் தாங்காது. எது தாங்காது என்று மட்டும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். மூன்று மணிக்கு மழை பிடித்தது. எதிர் புளோக் தெரியாத அளவுக்கு வெள்ளை மழை. வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. நல்லெண்ணெய் மணத்தோடு, காலையில் தலை வாரிப் பின்னி ரிப்பன் கட்டிவிட்ட மகள், உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சாமுண்டீஸ்வரி வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமையில் சுத்தியல் சத்தம் கேட்டால் புளோக்கில் யாராவது புகார் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். பலகை எங்கே இருந்தால் என்ன, ஆணி ஆணிதானே? நாலு அடி. ஆணி இறங்கியது.

“ரோஷினி. வாயைத் திற. அதக் குடு.”

வாரம் முழுக்க மற்றதெல்லாம் கேட்ட பிள்ளை, இதற்கு மட்டும் அசையவில்லை.

“குடுன்னு சொன்னேன்.”

தாடையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. இரண்டு விரலைக் கடைவாயில் நுழைத்து நெம்பினாள். பல் அவள் விரலைக் கடித்தது, ரத்தம் வந்தது, விடவில்லை அவள். உள்ளே நாக்கின் சூடு இல்லை. எச்சில் இல்லை. காற்று. வாய்க்குள்ளிருந்து மேல்நோக்கி வீசுகிற ஈரக் காற்று, நனைந்த கரியின் வாடையோடு. விரல் நுனியில் பித்தளை தட்டுப்பட்டது. பிடுங்கினாள்.

பிள்ளை கத்தவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அவ்வளவுதான்.

“அம்மா,” என்றாள் நிதானமாக. “மாட்டாதம்மா. நான் நல்லாத்தானே இருக்கேன்?”

வில்லையைப் பிடித்த கை ஆணிக்கு முன்னால் நின்றது. ஒரு கணம்தான். “நூத்து அறுபத்து மூணு!” என்று சாமுண்டீஸ்வரி கத்தினாள். மழையை மீறிக் கத்தினாள். “ஆளு மேல வந்தாச்சு! கேக்குதா? என் பிள்ளை மேல வந்தாச்சு!”

மாட்டினாள். வில்லை ஆணியில் இரண்டு தரம் ஆடி நின்றது.

தட்டலும் நின்றது.

முழுசாக நின்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் காலுக்கடியில் வெறும் தரை. சுவரில் சாய்ந்து வழுக்கிக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜெயித்துவிட்டேன், என்று நினைத்தாள். நான் ஒருத்தி தனியாக நின்று ஜெயித்துவிட்டேன்.

அப்போது படிக்கட்டில் காலடி கேட்டது.

வெறுங்கால். ஈரக்கால். ஒரு படி. நிற்கிறது. இன்னொரு படி. எதையோ பிடித்துக்கொண்டு ஏறுகிற கால். தாழ்வாரத்தில் வருகிறது. அவள் வீட்டு இரும்பு கேட்டுக்கு முன்னால் நிற்கிறது.

டொக். டொக்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வா. வந்து பார். மரக்கதவை ஒரே இழுப்பில் திறந்தாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஒரு சின்ன உருவம். தலையிலிருந்து கால்வரைக்கும் கரிச்சேறு. கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. சேற்றுக்கு அடியில், மஞ்சள் பூ. அந்தக் கவுனைத் திங்கட்கிழமைதான் துவைத்து மடித்து அவள் அலமாரியில் வைத்திருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த விரல்களில் நகம் இல்லை. நகம் இருந்த இடமெல்லாம் தேய்ந்து போயிருந்தது.

“அம்மா,” என்றது அது. குரலே இல்லை, காற்றுதான். “தட்டிக்கிட்டே இருந்தேன்மா. நீ ஏம்மா திருப்பி அடிச்ச? போ போன்னு ஏம்மா சொன்ன?”

சுத்தியல் அவள் கையில் கனத்தது. குழவி. டைல்ஸ். புதன், வியாழன். தன் கை. தன் கைதான்.

யோசிக்கவில்லை அவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேட்டைத் திறந்தாள், இழுத்து மார்போடு அணைத்தாள். கரிச்சேறு அவள் முகமெல்லாம் அப்பியது. அந்தச் சின்ன நெஞ்சு அவள் வயிற்றில் மோதி அடித்துக்கொண்டது. மூச்சு. சூடான, இழுத்து இழுத்து வருகிற மூச்சு. “ஏன் இவ்ளோ நேரம்? ஏம்மா?” என்று கேள்விமேல் கேள்வி. ஐயோ, என் பிள்ளை. என் பிள்ளை.

முதுகுக்குப் பின்னால் கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

“யாரும்மா அது?”

சாமுண்டீஸ்வரி மகளைத் தன் பின்னால் தள்ளினாள். சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்தாள். திரும்பினாள். “நீ எவளா இருந்தாலும் சரி,” என்றாள். “ஒரு வாரம் என் சோத்தத் தின்ன. போதும். இவள மறுபடி எடுக்கணும்னா என்னத் தாண்டிப் போ. வா.”

கூடத்தில் அது நின்றது. நல்லெண்ணெய் வைத்து வாரின தலை. ரிப்பன். சொன்ன பேச்சைக் கேட்கிற முகம்.

அம்மா வா என்றாள். அது ஒரு அடி முன்னால் வந்தது.

வாயைத் திறந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தாடை மார்புவரைக்கும் இறங்கியது. உள்ளே பல் இல்லை, நாக்கு இல்லை. இருட்டு. ஈரக் காற்று மேலே வீசி அவள் முடியைக் கலைத்தது. அந்த இருட்டின் வெகு ஆழத்தில், ஒரு மனிதன் நெற்றியில் கட்டிக்கொண்டது போல ஒரு சின்ன விளக்கு. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. மொத்தம் ஏழு.

அசைந்து அசைந்து, அவை மேலே ஏறி வந்துகொண்டிருந்தன.